ஒன்பது சுற்று சுற்றிய மக்காச்சோளம்

“…வாத்து செத்ததுகூடப் பரவால்ல தெக்கத்தி. டாக்டரம்மா எதிருல உனுக்கோசரம் நான் வாய் கிழியப் பேசிகினு கீறேன், நீ பக்கத்துல நின்னுகினு சொவுத்தப் பாத்துகினு இருந்த பாரு, அதாண்டி எனுக்கு செரிக்கல.”

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதக் காலையில், மண்ணூர்ப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். பதினோரு நாளாக என்னோடு பேசாமல் இருந்தவர் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அன்றைக்குத்தான் வந்து இறங்கிய ஒரு மக்காச்சோள மூட்டை, வாய் பிரித்தபடி நின்றது. நான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. அடுத்து அக்கா செய்ததைச் சொல்லுமுன், அந்த மூட்டை வரைக்கும் நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். பத்தொன்பது வயதில் ஒரு துணிப்பையோடு ஸ்ரீபெரும்புதூர் வந்து இறங்கி, ஹாஸ்டலில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்து எழுந்து, கம்பெனி பஸ் ஓட்டுகிற ஒருவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதெல்லாம் நாலு பேர் வாயிலிருந்துதான். மற்றவர்கள் சேலை சேர்ப்பார்கள், நான் சொலவடை சேர்ப்பேன். யாராவது நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை மிட்டாய் மாதிரி நாக்கில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பேன்.

அந்த வகையில் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு ஒரு மிட்டாய்க் கடை. இந்த ஊர்க்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் தெற்கத்திக்காரி என்பதால் வந்த முதல் நாளே எனக்கு ‘தெக்கத்தி’ என்று பெயர் வைத்துவிட்டார். பன்னிரண்டு வருடம் கம்பெனி கம்பெனியாக ஹவுஸ்கீப்பிங் பார்த்தவர். “கம்பெனித் தரைய எவ்ளோ பளபளன்னு தொடைச்சாலும், அதுல கம்பெனி லைட்டு மூஞ்சிதான் தெரியும், நம்ம மூஞ்சி தெரியாது” என்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. “கம்பெனி கேட்டுல கார்டு தேய்க்காம ஒரு பொழுது விடியணும்டி எனுக்கு. நான் எழுந்தாதான் என் வேலை எழுந்திருக்கணும்.” அந்த ஆசையில்தான் வேலையை விட்டுவிட்டு, நாற்பது வாத்துக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தார். இது தேறாவிட்டால் மறுபடி கார்டுதான், மறுபடி மாப்புதான் என்பது எங்கள் காம்பவுண்டில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால், கம்பெனிகள் கழித்துப் போட்ட மரப் பலகைகளை அடித்து ஒரு கொட்டகை. அதைத் தாண்டினால் வாய்க்கால். அதையும் தாண்டினால் ஏரி. ஏரிக்கு அக்கரையில் நீல நிறத்தில் நீளநீளமான கம்பெனி ஷெட்டுகள். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வேலை முடிந்து வரும் காலை நேரம் முழுசாக விழிப்பும் இல்லை, முழுசாகத் தூக்கமும் இல்லை. காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கண் முன்னால் எல்லாமே ஒரு விரல் தள்ளி மிதக்கும். அந்த நேரத்தில் நான் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். மஞ்சள் பஞ்சுருண்டைகள் நாற்பதும் வரிசையாக வாய்க்கால் வழியாக ஏரிக்கு இறங்கும். பனிக்குள்ளே ஷெட்டுகளின் நிழல் தலைகீழாக நீரில் நிற்கும். குஞ்சுகள் அந்தக் கூரைகளின் மேலேயே நீந்திப் போகும். கம்பெனிகள் எல்லாம் தண்ணீருக்குள் இறங்கித் தூங்குகிற மாதிரியும், அவற்றின் கனவுதான் இந்தக் குஞ்சுகள் மாதிரியும் எனக்குத் தோன்றும். அக்கா டீ டம்ளரை என் கையில் திணிப்பார். “இன்னா தெக்கத்தி, கண்ணத் தொறந்துகினே தூங்கறியா?”

ஐப்பசி மழைக்கு நடுவில் குஞ்சுகளுக்காக இரண்டு மூட்டை மக்காச்சோளம் வாங்கிப் போட்டார். புது அறுவடை. வாராவாரம் தேவைக்கு எடுத்து மில்லில் உடைத்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்து வைப்பார். மூட்டைகள் பலகையின் மேல் வாய் திறந்தபடி நிற்கும். தினமும் ஒரு தடவை அக்கா சட்டென்று மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

“என்னக்கா செய்யிறீக?” என்று கேட்டேன்.

“உள்ள சூடா கீதான்னு பாக்கறேன். சூடு கீதுன்னா ஈரம் கீதுன்னு அர்த்தம், கொட்டி ஆற வெக்கணும். மூட்டையும் மனுசன் மாதிரிதாண்டி. மேல சில்லுன்னு கீதேன்னு நம்பிடக் கூடாது. உள்ள கைய வுட்டுப் பாக்கணும்.”

ஆகா என்றிருந்தது. அன்றைக்கு என் லைனில் இருக்கிற அத்தனை பெண்களிடமும் அதைச் சொன்னேன். சொன்னேனே தவிர, கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பகுதி வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனியில் பேக்கிங்குக்குப் பயன்படுத்துகிற மெல்லிய பிளாஸ்டிக் ரோல் முடியும் தறுவாயில் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கேட் பாஸ் போட்டு வாங்கி வந்துவிடுவோம். ஒழுகுகிற கூரைக்கு அதுதான். பைக் சீட்டுக்கு அதுதான். பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்கும் அதுதான். கல்யாணத்துக்குச் சீர்த்தட்டுகூட அதில்தான் சுற்றுகிறோம். மழைச் சாரல் கொட்டகைக்குள் அடித்ததும் நான் முந்திக்கொண்டேன். ஒரு மூட்டை அன்றாடத் தீனிக்குத் திறந்தே இருக்கட்டும், இன்னொன்றை நான் சுற்றித் தருகிறேன் என்றேன்.

எனக்கு என் கைமேல் கர்வம். நான் சுற்றி அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் துரு என்று திரும்பி வந்ததில்லை. அடியிலிருந்து ஆரம்பித்து, இழுத்து இழுத்து, ஒன்பது சுற்று. நடுவில் ஈரத்தை உறிஞ்சுகிற சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் நான்கைந்து சொருகினேன். முடித்ததும் மூட்டை கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்ட பொம்மை மாதிரி பளபளவென்று நின்றது.

அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “அழகாத்தான் கீது. வாய மட்டும் வுட்டு வெய்யேன். கைய வுட்டுப் பாக்கணும்ல?”

“யக்கா, வாயத் தொறந்து வச்சா அது பேக்கிங்கே இல்ல. கப்பல்ல ஒன்றரை மாசம் கடல் காத்துல போற இரும்பே துரு ஏறாமப் போயிச் சேருது. இது ஒங்க கொட்டாயில தான நிக்கப் போவுது? பிரிக்காதீக.”

“சர்தான்” என்று சிரித்துவிட்டார். “இரும்பக் காப்பாத்தற கை, சோளத்தக் காப்பாத்தாதா?” அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினார். “எங்க தெக்கத்தி பண்ணது. எக்ஸ்போர்ட் பேக்கிங்.”

இரும்புக்கு உள்ளே தண்ணீர் கிடையாது. அது எங்கள் கைக்கு வரும்போதே சுட்டு, உலர்த்தி, எண்ணெய் பூசி வருகிறது. வெளியிலிருந்து ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மக்காச்சோளம் அப்படியில்லை, மழையைக் குடித்துவிட்டு வந்த பொருள். நான் மழையை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். இந்தச் சின்ன விஷயம் இத்தனை வருடம் ஈரத்தோடே மல்லுக்கட்டிய எனக்குத் தோன்றவே இல்லை.

தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பமும் வந்தது. பத்து நாள் கழித்து ஒரு காலை, வேலை முடிந்து வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். கூரை இடுக்கில் விழுந்த வெயில் நேராக அந்த மூட்டையின்மேல் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்முத்துகள். விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவ்வளவு அழகு. பஸ் கண்ணாடியில் செய்வதுபோல் ஒரு விரலால் கோடு இழுத்தேன். கோடு விழவில்லை. விரலும் நனையவில்லை. முத்துகள் உட்பக்கம் இருந்தன. நான் அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கிற, பக்கத்து வீட்டு அக்காவின் கூடப்பிறந்த அக்கா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்ள, இவர் நான்கு நாள் அங்கே போக வேண்டியதாகிவிட்டது. “நீ கீறப்போ எனுக்கு இன்னா கவலை” என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்திருந்த மூட்டை அடுத்த நாளே காலி. நான் கத்தியை எடுத்து என் ஒன்பது சுற்றையும் கீறினேன்.

முதலில் வந்தது வாசனை. துணி நனைந்து கிடந்த பூட்டிய அறையின் வாசனை. மூட்டையின் வாயைப் பிரித்தால் மேலே சாம்பலும் பச்சையுமாக ஒரு மெல்லிய பொடி. விரல் பட்டதும் மகரந்தம் மாதிரிப் பறந்தது. அடியில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாக இருந்தன. கையை உள்ளே விட்டேன். சூடு. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு மாதிரிச் சூடு.

அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ‘பூசணம் புடிச்சிருச்சுக்கா’ என்ற இரண்டு வார்த்தை. என் எக்ஸ்போர்ட் கை அதைச் சொல்லவிடவில்லை. ரொம்ப மோசமான கட்டிகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். மிச்சத்தை அலுமினியக் குண்டானில் போட்டு, பச்சையாக வந்த தண்ணீர் தெளிந்து வருகிறவரை அலசினேன். நல்லவேளையாக இரண்டு நாள் வெயில் அடித்தது. அப்போது அப்படித்தான் நினைத்தேன், நல்லவேளை என்று. மொட்டைமாடியில் காய்ந்து, தங்கமாக மின்னியது. மில்லில் உடைத்தபோது பழைய வாசனையே இல்லை. புதுக் கோணியில் கொட்டிக் கட்டிவிட்டுக் கொஞ்சம் குஞ்சுகளுக்கு வைத்தேன். தின்றன. அக்காவின் ஆறு கோழிகளும் தின்றன. மறுநாளும் கோழிகள் கொக்கரித்துக்கொண்டுதான் திரிந்தன. சரி, ஒன்றுமில்லை என்று என் மனதையும் அலசிக் காயப்போட்டேன்.

அக்கா வந்ததும் “பேக்கிங் பிரிச்சியா, எப்டி இருந்துச்சு?” என்று கேட்டார். “நல்லா இருந்துச்சுக்கா” என்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். குஞ்சுகள் தட்டுக்கு வருவதைக் குறைத்தன. நடை தள்ளாடியது. ஒரு காலையில் வந்து பார்த்தால் மூன்று குஞ்சுகள் கழுத்தைப் பின்னால் வளைத்து, அலகை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. தூக்கக் கலக்கத்தில் எனக்கு அவை வானத்தைப் பார்ப்பது மாதிரித் தெரிந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். “இன்னாடி இது, ஒண்ணொண்ணா மானத்தப் பாத்துகினு சாவுதுங்க” என்றார். மறுநாள் ஐந்து.

செத்தவற்றில் இரண்டு, சாகக் கிடந்தவற்றில் இரண்டு எடுத்தோம். ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். கல்லீரல் வீங்கி, வெளிறிக் கிடந்தது.

“தீனி என்னம்மா? பூசணம் பிடிச்சது ஏதாவது?”

“பூசணமா?” அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “எப்டிம்மா வரும்? தோ நிக்கிறாளே எங்க தெக்கத்தி, இவ சுத்தி வெச்சது. கம்பெனி பேக்கிங்மா. கப்பல்ல போற சாமானையே இவ கைதான் கட்டுது. இவ வெச்சா ஒரு பொட்டு ஈரம் இருக்காது.”

“கோவிச்சுக்காதீங்கம்மா, காரணமாத்தான் கேக்கறேன். பூசணத் தீனிய கோழி கொஞ்சம் தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. பூசணம் ஒரு விஷத்த விட்டுட்டுப் போகும். கழுவினா பச்சை நிறம்தான் போகும். அந்த விஷம் கழுவினாலும் போகாது, வெயில்ல காய வெச்சாலும் முழுசா போகாது. இதை லேபுக்கு அனுப்பறேன், பதில் வர நாளாகும். தீனியில சந்தேகம் இருந்தா இன்னைக்கே நிறுத்தணும். இல்லன்னா ஏதாவது நோயா இருக்கும், மருந்து எழுதறேன்.”

“தீனில சந்தேகமே இல்லமா. மருந்த எழுது.”

சுவரில் ஒரு மாட்டுப் படம் மாட்டியிருந்தது, உள்ளுறுப்பெல்லாம் தெரிகிற படம். மாட்டுக்கு வயிற்றில் எத்தனை அறை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. திரும்பத் திரும்ப எண்ணினேன். நான்குதான்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மழை. ஆட்டோவின் பக்கவாட்டுப் படுதாவிலும் நீர்முத்துகள். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “மருந்து வாங்கிட்டேண்டா கண்ணுங்களா, தோ வந்துடுச்சு வூடு” என்று குஞ்சுகளோடு பேசிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு முட்டியது. ஒன்பது சுற்றுக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராக அந்தக் கோணிக்குப் போனார். ஒரு படி அள்ளித் தட்டில் கொட்டி, மருந்தைக் கலந்தார். மிச்சமிருந்த குஞ்சுகள் அவர் காலடிக்கு ஓடி வந்தன. நான் பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன். இழுபறியில் தட்டு கவிழ்ந்தது.

“இன்னாடி, பைத்தியம் புடிச்சுதா உனுக்கு?”

“குடுக்காதீகக்கா. பூசணம் இருந்துச்சு. நான்தேன் கழுவிக் காயப்போட்டேன். ஒங்ககிட்டச் சொல்லல.”

அக்கா குஞ்சுகளைக் கூடைபோட்டுக் கவிழ்த்துவிட்டு, தரையில் சிதறியதை ஒரு பொட்டு விடாமல் பெருக்கினார். பன்னிரண்டு வருடம் கம்பெனித் தரை பெருக்கிய கை, ஒரு நொய்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினார். நான் மண்வெட்டிக்குக் கை நீட்டினேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தீனியைக் கோணியோடு போட்டு மூடினார். அதோடு பேச்சும் நின்றது.

அதற்குப் பிறகும் சில குஞ்சுகள் செத்தன. கடைசியில் பதினான்கு தேறின. நான் ஜன்னல் வழியாக எண்ணுவேன். பதினோரு நாளும் டீ டம்ளர் வரவில்லை. கம்பெனியில் ரோலை இழுத்துச் சுற்றும்போதெல்லாம், உள்ளே இருக்கும் இரும்பு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஒரு பெட்டியைப் பாதியில் நிறுத்திக் காதை வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “கொட்டுனத அள்ளலாம், சொன்னத அள்ள முடியாதும்பாக. நீ சொல்லாதத அள்ள முடியாமக் கெடக்க.” வேறு சமயமாக இருந்தால் அந்த வார்த்தைக்காக அவரைக் கொண்டாடியிருப்பேன். அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, பஸ்ஸிலிருந்து இறங்கி காம்பவுண்டுக்குள் நுழைகிறேன். பனி. கொட்டகை வாசலில் புது மூட்டை. பதினான்கு வாத்துகளும் நீரில் தலைகீழாக நிற்கிற கூரைகளின்மேல் நீந்திக்கொண்டிருந்தன. கனவில் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்: “தெக்கத்தி, இங்க வா.”

போனேன். அப்போதுதான் முதலில் சொன்ன அந்தப் பேச்சைப் பேசினார். நான் “தப்புதேன்க்கா” என்றேன். சொலவடை எதுவும் வாய்க்கு வரவில்லை.

இத்தனை நாள் கழித்தும், கம்பெனியில் ஒன்பதாவது சுற்றுக்கு வரும்போது என் கை ஒரு கணம் தானாக நின்றுவிடுகிறது. வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தையை விழுங்கப் போகும்போதும் அப்படியேதான் நிற்கிறது. அப்படி நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அக்கா மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டார். என் யூனிஃபார்ம் சட்டையின் கையை மேலே சுருட்டிவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து, அந்தப் புது மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் இறக்கினார். பிறகு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.